ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள்

கனடாவில் வாழும் என் தமிழ் உறவுகளுக்கு,



தேர்தல் வந்தால் ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் பிராம்ப்ரனிலும் எங்கள் கதவைத் தட்டாத கட்சி இல்லை. ஜனவரியில் தமிழ் மரபுத் திங்கள் என்று பொங்கல் மேடை போட்டால், பாராளுமன்ற உறுப்பினர்கள் சால்வையோடு முன்வரிசையில் வந்து அமர்கிறார்கள். நாங்களும் சும்மா விடுவதில்லை. குடிவரவுக் கோப்பு ஏன் இழுபடுகிறது, வீட்டு வாடகைக்கு என்ன வழி, தாயகத்து மக்களின் நீதிக்காக ஒட்டாவா இதுவரை செய்தது என்ன என்று முகத்துக்கு நேரே கேட்கிறோம். கேட்கத் தெரிந்த சமூகம் இது. அந்தக் கேள்விகளோடு இன்னும் ஒன்றைச் சேர்த்துக் கேளுங்கள் என்று வேண்டத்தான் இந்த மடல். கேள்வி கரிபூ மான்களைப் பற்றியது.

கரிபூவைக் கையில் எடுக்காதவர் எங்களில் யாரும் இல்லை. 25 சத நாணயத்தில் 1937 முதல் கொம்போடு இருக்கும் தலை அதனுடையதுதான். உயிரோடு பார்த்தவர்கள் மட்டும் மிகக் குறைவு. எங்களில் பெரும்பாலானோர் ஒன்ராறியோவின் தெற்கு ஓரத்தில் வாழ்கிறோம். பெருமந்தைகளோ மரங்கள் முடிந்து பனிவெளி தொடங்கும் எல்லைக்கு அங்காலும் இங்காலுமாக, நுனவுட், வடமேற்குப் பிரதேசங்கள், யூக்கொன், லப்ரடோர், வட கியூபெக் என்று நாட்டின் உச்சந்தலை முழுக்கத் திரிகின்றன.

திரிகின்றன என்று சொன்னேன். ஆனால் அது அலைச்சல் அல்ல, கணக்கான பயணம். தரையில் நடக்கும் விலங்குகளில் மிக நீண்ட வலசை யாருடையது என்று கழுத்துப்பட்டை பூட்டிப் பின்தொடர்ந்த ஆய்வாளர்கள் 2019-ல் கணக்குப் பார்த்தார்கள். முதலிடம் கரிபூவுக்கே கிடைத்தது. குளிர்கால இடத்திலிருந்து கன்று ஈனும் இடத்துக்குப் போய்த் திரும்ப, நேர்கோட்டில் அளந்தாலே 1,200 கிலோமீற்றருக்கு மேல். வளைவு நெளிவுகளையும் சேர்த்தால் ஓராண்டு நடை பல ஆயிரம் கிலோமீற்றர். இந்தத் தூரத்தை ஆறுகளைக் கடந்தும், உறைந்த ஏரிகளின் மேலும், நெஞ்சளவு பனியிலும் நடக்கின்றன.

ஏன் இவ்வளவு தூரம்? இந்த இடத்தில் நான் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். இது விளங்காவிட்டால் நான் கேட்கச் சொல்லும் கேள்வியும் விளங்காது.

குளிர்காலத்தில் கரிபூவின் உணவு பெரும்பாலும் லைக்கன். பாறையிலும் தரையிலும் மரப்பட்டையிலும் படர்கிற, பாசியும் பூஞ்சையும் ஒன்றாய்ச் சேர்ந்து வாழும் உயிர். எங்கள் பலசரக்குக் கடைகளில் பொட்டலத்தில் விற்கும் கல்பாசியும் ஒரு லைக்கன்தான். கரிபூ பனியைக் குளம்பால் தோண்டிக் குழி பறித்து, அடியில் கிடப்பதை மேய்கிறது. லைக்கனில் மாச்சத்து உண்டு, உடம்பின் சூட்டைக் காக்கும். புரதம் மிகக் குறைவு. கருவைச் சுமக்கும் தாய் அந்தக் குழியை மற்ற மான்களிடமிருந்து காக்க வேண்டும். மான் இனங்களில் கரிபூவில் மட்டும் பெண்ணுக்கும் கொம்பு முளைப்பது அதனால்தான் என்று கருதப்படுகிறது. புணர்ச்சிக் காலம் முடிந்ததும் வளர்ந்த ஆண்களின் கொம்பு விழுந்துவிடும். சினைப்பட்ட பெண்களின் கொம்பு கன்று ஈனும் நாள் வரை நிற்கும்.

ஏப்ரல் பிறக்கும்போது சினைப்பட்ட பெண்கள்தான் முதலில் வடக்கே புறப்படுகின்றன. ஆண்கள் வாரக்கணக்கில் பிந்தித்தான் வரும். தாய்கள் தேடிப் போவது மூன்று காரியங்களை. ஓநாய்கள் பெரும்பாலும் மரங்களின் எல்லையை ஒட்டிக் குகை அமைத்துக் குட்டி போடுவதால், அதைத் தாண்டி வடக்கே போகப் போக அவற்றின் தொல்லை குறையும். யூன் முதல் வாரத்தில் பனி உருகும் இடத்தில் பஞ்சுப்புல்லின் மொட்டும் இளந்தளிரும் கிளம்பும். லைக்கனில் கிடைக்காத புரதம் அதில் கிடைத்துப் பால் சுரக்கும். யூலையில் நுளம்பும் தோலைத் துளைக்கும் ஈக்களும் படையெடுக்கும்போது, கடற்காற்று வீசும் கரையும் உருகாத பனித்திட்டுகளும் கிட்ட இருக்கும். இம்மூன்றும் ஒரே இடத்தில், அதுவும் ஓராண்டில் சில வாரங்கள் மட்டுமே கூடி வருகின்றன. அங்கே பிறக்கும் கன்று ஒரு மணி நேரத்துக்குள் எழுந்து நிற்கும். ஒரு நாள் கழிந்தால் மனிதனால் அதை ஓடிப் பிடிக்க முடியாது.

ஆகவே, இந்த நெடும்பயணம் முழுவதும் அந்தச் சிறிய நிலத்துக்காக. பாதையில் ஒரு பக்கம் காடு எரிந்தால் மந்தை வேறு பக்கத்தால் சுற்றிப் போகும். குளிர்கால இடத்தை ஆண்டுக்கு ஆண்டு மாற்றிக்கொள்ளும். கன்று ஈனும் நிலத்துக்கு அப்படி மாற்று இல்லை. அலாஸ்காவின் வடகரைக்குப் போகும் போர்க்குபைன் மந்தையில் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். பனி பிந்திக் கரையும் ஆண்டுகளில் தாய்கள் கரைச் சமவெளியை எட்ட முடியாமல் வழியிலேயே ஈன்றுவிடுகின்றன. அந்த ஆண்டுகளில் கன்றுகள் கூடுதலாக இறக்கின்றன.

இனி எண்களுக்கு வருகிறேன். வாசித்துவிட்டு ஒரு நிமிடம் யோசியுங்கள்.

பதர்ஸ்ட் மந்தை என்று ஒன்று உண்டு. ரொறன்ரோவில் நீங்கள் காரோட்டும் பதர்ஸ்ட் வீதிக்குப் பெயர் தந்த அதே பிரித்தானியக் குடியேற்றநாடுகள் அமைச்சரின் பெயர்தான் நுனவுட்டில் உள்ள குடாவுக்கும், அதன் பக்கத்தில் கன்று ஈனும் மந்தைக்கும். 1986-ல் அந்த மந்தையில் ஏறத்தாழ 470,000 மான்கள். 2021-ல் எண்ணியபோது 6,240. கியூபெக்குக்கும் லப்ரடோருக்கும் இடையே நடக்கும் ஜோர்ஜ் ஆற்று மந்தை 1990-களில் ஏழு லட்சத்தைத் தாண்டி நின்றது. 2018-ல் 5,500. நூறில் தொண்ணூற்றெட்டுக்கு மேல் போய்விட்டது. எங்கள் கண்முன்னே, எங்களில் பலர் இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்த பிறகு நடந்தது இது.

கரிபூ மந்தைகள் ஏறுவதும் இறங்குவதும் இயல்பு என்று சொல்வோர் உண்டு. அது உண்மையே. பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறை மந்தை பெருகும், சுருங்கும். வடக்கின் முதியவர்கள் இதைத் தலைமுறை தலைமுறையாக அறிவார்கள். ஆனால் முன்பு மந்தை சுருங்கிய காலங்களில், மீண்டு பெருக நிலம் அப்படியே காத்திருந்தது. இப்போது குளிர்காலத்தில் மழை பெய்து பனியின் மேல் கண்ணாடி போல் உறைகிறது. குளம்பால் உடைக்க முடியாமல் மான்கள் பட்டினி கிடக்கின்றன. 2023 ஓகஸ்டில் யெலோநைவ் நகரத்தையே காலிசெய்ய வைத்த காட்டுத்தீக்கள் நினைவிருக்கும். அப்படி எரிந்த காட்டில் லைக்கன் பழையபடி படரப் பல பத்தாண்டுகள் எடுக்கும். இவற்றின் மேல்தான் சுரங்கமும் வீதியும் வந்து சேர்கின்றன.

பதர்ஸ்ட் மந்தையின் கோடைகால நிலத்தின் நடுவே, லக் டி கிரா ஏரிப் பக்கம், எக்காட்டி வைரச் சுரங்கம் 1998-லும் டயவிக் 2003-லும் தொடங்கின. கனடிய வைரம் சண்டை சச்சரவு இல்லாத நாட்டு வைரம் என்று சொல்லி விற்றார்கள். கலியாணத்துக்கு அந்தக் கல்லை வாங்கியவர்கள் எங்களிலும் இருப்பார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தச் சுரங்கங்களைச் சுற்றி ஏறத்தாழ 14 கிலோமீற்றர் தூரத்துக்குக் கரிபூக்கள் ஒதுங்கிப் போகின்றன என்று ஆய்வாளர்கள் கண்டது எந்த நகைக்கடைக் கண்ணாடிப் பெட்டியிலும் எழுதியிருக்காது. குழி தோண்டிய நிலம் சிறிது, மான் இழந்த நிலம் பெரிது.

வீதியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் சில காலம் யூக்கொனில் வேலை செய்தவன். டோசனிலிருந்து இனுவிக் வரை 700 கிலோமீற்றருக்கு மேல் நீளும் டெம்ப்ஸ்டர் சரளைக்கல் நெடுஞ்சாலையில், இலையுதிர் காலத்தில், போர்க்குபைன் மந்தையின் ஒரு பகுதி கடப்பதைப் பார்த்திருக்கிறேன். வாகனத்தின் இயந்திரத்தை நிறுத்தினால் முதலில் கேட்பது காலடிச் சத்தம் அல்ல. ஒவ்வொரு அடிக்கும் அவற்றின் பாதத்துத் தசைநாண் எலும்பின் மேல் வழுக்கி 'டிக்' என்று ஓர் ஒலி எழுப்பும். நூற்றுக்கணக்கான மான்கள் சேர்ந்து நடக்கும்போது சரிவு முழுக்க அந்த ஒலிதான். முன்னால் வந்த ஒரு வயதான பெண்மான் சரளைக் கல்லின் விளிம்பில் நின்று, தலையைத் தாழ்த்தி மணந்து பார்த்தது. பின்னால் வந்தவை எல்லாம் நின்றன. அது ஒரு காலை எடுத்து வைத்தது. அப்போது வளைவுக்கு அப்பாலிருந்து ஒரு பிக்கப் வண்டி புழுதி கிளப்பிக்கொண்டு வந்து, எங்களைக் கண்டு வேகத்தைக் குறைத்தது. ஹோர்ன்கூட அடிக்கவில்லை. பெண்மான் திரும்பிவிட்டது. மந்தை முழுவதும் அதன் பின்னே மலைச்சரிவில் ஏறி மறைந்தது. அன்று மாலை வரை அந்த இடத்தில் அவை கடக்கவில்லை.

அங்கே எங்களோடு நின்ற குவிச்சின் முதற்குடியைச் சேர்ந்த முதியவர் ஒருவர் சொன்னதை நான் மறக்கவில்லை. முதலில் வரும் கூட்டத்தைச் சுடக்கூடாது, விட்டுவிட வேண்டும், வழி தெரிந்தவை அவைதான், அவை கடந்துவிட்டால் மற்றவை பின்னால் வரும் என்றார். அவருடைய ஆட்களுக்கு அது பழைய சட்டம்.

இது நான் பார்த்த ஒரு காட்சி மட்டும் என்று நினைக்க வேண்டாம். அலாஸ்காவின் ரெட் டோக் சுரங்கத்துக்குப் போகும் வீதி வெறும் 80 கிலோமீற்றர் சொச்சம். வேலி கிடையாது, வண்டிகளும் அதிகமில்லை. கழுத்துப்பட்டை பூட்டிய கரிபூக்களில் கிட்டத்தட்ட மூன்றில் ஒன்று அந்த வீதியைக் கடக்கச் சராசரியாக 33 நாட்கள் தாமதித்தன. குளிர் தொடங்குமுன் போய்ச் சேர வேண்டிய விலங்குக்கு 33 நாட்கள் என்றால் என்ன என்று யோசியுங்கள். கன்று ஈனும் நாளை நோக்கி நடக்கும் தாய்க்கு அவ்வளவு நாள் கையில் இல்லவே இல்லை.

இப்போது நுனவுட்டில் கிரேஸ் குடா வீதியும் துறைமுகமும் என்று ஒரு திட்டம் இருக்கிறது. ஆர்க்டிக் கடற்கரையிலிருந்து கொன்ட்வொய்ட்டோ ஏரியின் வடமுனை வரை ஏறத்தாழ 230 கிலோமீற்றர் நீளத்தில், ஆண்டு முழுக்கத் திறந்திருக்கும் வீதி. அது பதர்ஸ்ட் மந்தை கன்று ஈனும் பகுதியூடாகப் போகிறது. தெற்கே யெலோநைவ் பக்க வீதிகளோடு இணைத்து ஆர்க்டிக் பொருளாதார, பாதுகாப்புப் பெருவழி ஒன்றாக இதை ஆக்கும் எண்ணமும் உண்டு. 2025-ல் ஒட்டாவா அறிவித்த பெருந்திட்டப் பட்டியல்களில் அந்தப் பெருவழியின் பெயர் வந்தது. கட்டினால் பெரும்பங்குப் பணம் கூட்டாட்சி அரசின் கருவூலத்திலிருந்துதான் வர வேண்டும். அந்தக் கருவூலத்தில் உங்கள் வரியும் இருக்கிறது. இந்த விடயத்தில் பேச உங்களுக்கு உரிமை தருவது அதுதான்.

இதை எழுதும்போது எனக்கு ஒரு கவனம் உண்டு. அந்த வீதியை முன்னெடுப்பது ஓர் இனுயிட் நிறுவனம். வடக்கில் ஒரு பால் பெட்டியின் விலை என்ன, ஒரு வேலை கிடைப்பது எவ்வளவு அரிது, படகும் விமானமும் தவிர வேறு வழியில்லாத ஊரில் பிள்ளை பெறுவது எப்படி என்பதை அங்கே வாழ்பவர்கள்தான் சொல்ல முடியும். ஸ்காபரோவில் இருந்துகொண்டு, உங்களுக்கு வீதி வேண்டாம் என்று இனுயிட் மக்களுக்கு நாங்கள் பாடம் எடுக்கப் போவது அழகல்ல. எங்கள் மண்ணில் என்ன கட்டுவது என்று எங்களைக் கேளாமலே முடிவெடுத்தவர்களை நாங்கள் அறிவோம். ஆனால் இனுயிட் மக்களிடையேயும் இந்த வீதி பற்றி ஒரே குரல் இல்லை. நுனவுட் திட்டமிடல் ஆணையம் பல ஆண்டுகள் ஊர் ஊராகப் போய்க் கேட்டு, 2023-ல் ஒரு நிலப்பயன்பாட்டுத் திட்டத்தைப் பரிந்துரைத்தது. கரிபூ கன்று ஈனும் நிலங்களைக் காக்கும் ஏற்பாடுகள் அதில் இருந்தன. அந்த வேண்டுகோள் வடக்கில் பிறந்தது. அதைத் தெற்கில் உரத்துச் சொல்வது பாடம் எடுப்பதாகாது.

எனக்கு மனதை அறுப்பது இதுதான்: மந்தை சரிந்தபோது விலை கொடுத்தவர்கள் யார்? வடமேற்குப் பிரதேசங்களில் 2015 முதல் பதர்ஸ்ட் மந்தையை வேட்டையாடுவது நிறுத்தப்பட்டது. அங்குள்ள டிலிச்சோ முதற்குடி மக்கள் நூற்றாண்டுகளாக உண்டு, உடுத்து, கூடாரம் போர்த்த விலங்கு அது. இறைச்சிக் குளிரூட்டி காலியாக, கடையில் வாங்கிய கோழியைப் பிள்ளைகளுக்குச் சமைத்தார்கள். பிறகு என்ன செய்தார்கள் தெரியுமா? துவக்கை வைத்துவிட்டு, முதியவர்களும் இளையவர்களும் கூடி 2016 முதல் கோடைதோறும் கொன்ட்வொய்ட்டோ ஏரிக்கரையில் முகாமிட்டு, நடந்து நடந்து அதே மந்தையைக் கவனித்துப் பதிவு செய்கிறார்கள். எது மேய்கிறது, எது நொண்டுகிறது, கன்று எத்தனை, கரடி எங்கே நிற்கிறது என்று. உண்ண முடியாத மானைக் காவல் காக்கிறார்கள். லப்ரடோரிலும் 2013-ல் வேட்டைத் தடை வந்தது. தன் சோற்றைத் தியாகம் செய்தவன் வேட்டைக்காரன். சுரங்கக்காரரும் வீதி கட்டுவோரும் இவற்றால் பயன்பெறும் தெற்கத்தி நகரத்தாராகிய நாமும் விட்டுக்கொடுத்தது என்ன? நான் தேடிப் பார்த்தேன், ஒன்றும் தென்படவில்லை.

விட்டுக்கொடுக்க முடியும் என்பதற்கு நல்ல சாட்சியும் இந்த நாட்டிலேயே இருக்கிறது. 1984-ல் இனுவியலுயிட் மக்களோடு செய்த நில உடன்படிக்கையின் வழியாக யூக்கொனின் வடகரையில் இவ்வாவிக் தேசியப் பூங்கா அமைந்தது. 1995-ல் அதன் தெற்கே வுண்டுட் பூங்கா வந்தது. போர்க்குபைன் மந்தையின் கன்று ஈனும் நிலத்தில் கனடாப் பக்கம் அப்படித்தான் காப்பாற்றப்பட்டது. 1987-ல் அமெரிக்காவோடு அந்த மந்தைக்காகவே ஓர் உடன்படிக்கையும் கையெழுத்தானது. மற்ற மந்தைகள் சரிந்துகொண்டிருந்த காலத்தில், 2017-ல் எண்ணியபோது போர்க்குபைன் மந்தையில் 218,000 மான்கள் இருந்தன. எல்லாப் புகழும் பூங்காவுக்கே என்று நான் சொல்ல மாட்டேன். காலநிலையும் அதிர்ஷ்டமும் சேர்ந்திருக்கும். ஆனால் கன்று ஈனும் நிலத்தில் வீதியோ எண்ணெய் எடுக்கும் கிணறோ இல்லாத மந்தை அது.

அந்தக் கன்று ஈனும் நிலத்தின் மறுபகுதி, அலாஸ்காப் பக்கத்தில், ஆறு லட்சம் ஹெக்ரெயர் கரைச் சமவெளி. அதன் அடியில் எண்ணெய் இருக்கிறது என்பதற்காக அமெரிக்கக் காங்கிரஸ் 2017-ல் அதை ஏலத்துக்குத் திறந்தது. 2025 ஜனவரியில் நடந்த ஏலத்தில் ஒரு நிறுவனம்கூட விலை கேட்கவில்லை. அப்படியிருந்தும் அதே ஆண்டில், அரசு மாறியதும், முழுச் சமவெளியையும் குத்தகைக்குத் திறக்கிறோம் என்று அறிவித்தார்கள். குவிச்சின் மக்கள் 1988-ல் ஆர்க்டிக் விலேஜ் ஊரில் கூடி, அந்தச் சமவெளியைக் காப்பதென்று முடிவெடுத்த நாளிலிருந்து வாஷிங்டனின் படிகளில் ஏறி இறங்குகிறார்கள். பட்டினி கிடந்த ஆண்டுகளிலும் தங்கள் முன்னோர் அந்த நிலத்தில் காலடி வைத்ததில்லை என்கிறார்கள். கனடா அரசு பல பத்தாண்டுகளாக அவர்கள் பக்கம் நின்றிருக்கிறது. அமெரிக்கா தன் பக்கத்து நிலத்தைத் துளைக்கக் கூடாது என்று சொல்லும் ஒட்டாவா, தன் சொந்த நிலத்தில் பதர்ஸ்ட் மந்தைக்கு என்ன செய்யப்போகிறது? இரண்டுக்கும் இரண்டு அளவுகோல் வைத்தால் வாஷிங்டனில் யார் மதிப்பார்கள்?

வன்னியிலிருந்து நாங்கள் ஓடிய ஓட்டத்தோடு இந்த மான்களின் நடையைச் சேர்த்துப் பேசும் பேச்சை ஒரு கூட்டத்தில் கேட்டேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. நாங்கள் துரத்தப்பட்டோம், அவை யாரும் துரத்தாமல், தாங்களே அறிந்த இடத்துக்குப் போகின்றன. எங்கள் துயரத்தைக் கடன் கொடுக்காமலே அவற்றின் பக்கம் நிற்க முடியும். இந்த நாட்டின் குடிமக்கள் என்பதே அதற்குப் போதும். குடியுரிமைச் சத்தியம் எடுக்கும்போது முதற்குடிகளின் உரிமைகளை அங்கீகரிக்கும் சட்டங்களுக்கும் சேர்த்துத்தான் இப்போது புதியவர்கள் கைதூக்குகிறார்கள்.

எனவே, சங்கத் தலைவர்களே, கோயில் நிர்வாகிகளே, பழைய மாணவர் சங்கத்தாரே, பல்கலைக்கழகத்தில் படிக்கும் தம்பி தங்கைகளே, உங்களிடம் நான் கேட்பது பணமோ ஊர்வலமோ அல்ல. அடுத்த முறை உங்கள் பாராளுமன்ற உறுப்பினர் மேடைக்கு வரும்போது, அல்லது கட்சிக்காரர் கதவைத் தட்டும்போது, வழமையான கேள்விகள் முடிந்ததும் இப்படிக் கேளுங்கள்: கிரேஸ் குடா வீதிக்குக் கூட்டாட்சிப் பணம் போகுமானால், பதர்ஸ்ட் மந்தை கன்று ஈனும் நிலத்தை அது விலகிச் செல்லுமா? விலக முடியாவிட்டால், மே நடுப்பகுதியிலிருந்து யூலை வரை அந்த வீதி மூடப்படும் என்று சட்டத்தில் எழுதுவீர்களா? வேட்டையை நிறுத்திய டிலிச்சோ மக்களின் சம்மதம் கேட்கப்படுமா?

பெரும்பாலானோருக்கு உடனே பதில் தெரிந்திருக்காது. பரவாயில்லை, அலுவலகத்தில் விசாரித்துச் சொல்கிறேன் என்பார்கள். பதிலை எழுத்தில் தரச் சொல்லுங்கள். வந்ததும் உங்கள் சங்கத்தின் செய்திமடலில் அப்படியே அச்சிடுங்கள்.

அன்புடன்,
வடக்கில் சில காலம் வேலை செய்து, இப்போது உங்கள் அயலில் வாழும் ஒருவன்